பவழத் தீவில் ஒரு நாள்



சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் அரசர்களின் பட்டாபிஷேகமும், போர்க்களமும், உடன்படிக்கைகளுமே நம்மில் பலருக்கு நினைவு வருகின்றன. ஆனால் மன்னர்களுக்கு இருப்பது போலவே எண்ணங்களுக்கும் சரித்திரம் உண்டு. ஓர் எண்ணம் எங்கே பிறந்தது, எவரெவர் அதனை மறுத்தார்கள், எத்தனை ஆண்டுகள் அது சான்றின்றிக் காத்திருந்தது, முடிவில் எவ்வாறு நிலைபெற்றது என்று பார்ப்பது, ஓர் அரச வமிசத்தின் வரலாற்றைப் படிப்பதைவிடச் சுவையில் சற்றும் குறைந்ததன்று. அத்தகைய எண்ணம் ஒன்றின் சரித்திரத்திலிருந்து ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அந்த நாள், 1836-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் தேதி. இடம், இந்துமாக் கடலில் சுமத்திராத் தீவிலிருந்து ஏறக்குறைய 600 மைல் தொலைவில் தன்னந்தனியாகக் கிடக்கும் கீலிங் தீவுகள். அங்கே தென்னை மிகுந்திருப்பதால் அவற்றுக்குக் கோகோஸ் தீவுகள் என்றும் பெயர். அன்று அத்தீவுகளில் படகேறியும் நடந்தும் சுற்றி வந்தவர் சார்லஸ் டார்வின். அப்பொழுது அவருக்கு வயது 27.

டார்வின் என்றால் நரைத்த தாடியோடு கூடிய ஒரு கிழவரின் படம் நம் மனத்தில் எழும். அந்தப் படத்தைச் சற்று அகற்றி வையுங்கள். இவர் கடல் மயக்கத்தால் ஓயாமல் வாந்தியெடுத்துக்கொண்டு, வீட்டு நினைவால் வாடிக்கொண்டு, நான்கு ஆண்டுகளுக்கு மேலாக 'பீகிள்' என்னும் சிறு கப்பலில் உலகைச் சுற்றி வரும் இளைஞர். அக்கப்பல் 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. தென் அமெரிக்கக் கரையை அளந்து, பசிபிக் கடலைக் கடந்து, ஆஸ்திரேலியாவைத் தொட்டு, ஊருக்குத் திரும்பும் வழியில் அது கீலிங் தீவுகளை அடைந்தது. கப்பல் தலைவர் ராபர்ட் பிட்ஸ்ராய். அவருக்கும் வயது முப்பதுதான்.

இந்தத் தீவுகள் நமக்கு முற்றும் அந்நியமானவை அல்ல. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசி, எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுச் சென்றது. அச்சத்தில் ஊரே காலியானதைப் பழைய தலைமுறையினர் கதைகதையாகச் சொல்வார்கள். மகா சாமர்த்தியசாலியை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கும் அன்று தோன்றியதுதான். அந்த எம்டன் கப்பலின் கதை முடிந்த இடம் இந்தக் கீலிங் தீவுகளே. 1914-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான 'சிட்னி' அதனைத் தாக்க, எம்டன் வட கீலிங் தீவின் பவழப் பாறைமீது ஏறித் தரைதட்டி நின்றது. சென்னையை நடுங்கவைத்த இரும்புக் கப்பலை முடிவில் தாங்கி நின்றது, கடுகளவு உயிர்கள் கட்டிய ஒரு சுவர். அந்தச் சுவரைப் பற்றியதே இன்றைய பேச்சு.

முதலில் இத்தீவின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தாம்பாளத்தில் தண்ணீரை நிரப்பி, அதில் ஒரு வளையலை வையுங்கள். வளையலின் மேல்விளிம்பு மட்டும் நீருக்கு மேலே தெரிகிறது அல்லவா? கீலிங் தீவும் அவ்வாறே இருக்கிறது. நடுவே மலை இல்லை, மேடு இல்லை. ஆழமற்ற, அமைதியான காயல் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிலும் வளையமாகப் பவழப் பாறை. அந்தப் பாறைமீது சில நூறு கஜ அகலமே உள்ள ஒடுங்கிய நிலத்துண்டுகள் தென்னை மரங்களோடு வரிசையாக அமர்ந்திருக்கின்றன. வளையத்துக்கு வெளியே காலடி வைத்தால் ஆழங்காண முடியாத பெருங்கடல். இத்தகைய வளையத் தீவுக்கு 'அடோல்' என்று பெயர். அந்தச் சொல்லை ஐரோப்பியர் மாலைத் தீவினரின் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

ஏப்ரல் 6-ஆம் தேதி காலை டார்வின், பிட்ஸ்ராயோடு படகில் ஏறிக் காயலின் கோடியில் உள்ள தீவொன்றை நோக்கிப் புறப்பட்டார். வழி நேரானது அன்று. மான்கொம்பு போல் கிளைவிட்ட மெல்லிய பவழங்கள் வயல்வயலாக நிற்க, அவற்றின் ஊடே வளைந்து வளைந்து செல்லும் ஒடுங்கிய வாய்க்கால்களின் வழியே படகு சென்றது. வெண்மணல்மீது நிற்கும் தெளிந்த நீரில் உச்சி வெயில் படும்பொழுது, காயல் முழுவதும் பச்சை மணியாய் ஒளிவிடும்.

இன்று பவழக் கடலுக்குச் செல்பவர்கள் கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து, நீரின் மேல் குப்புற மிதந்தபடி மணிக்கணக்கில் அடிக்கடலைப் பார்க்கிறார்கள். டார்வினிடம் அவை எவையும் இல்லை. படகின் விளிம்பில் குனிந்து பார்ப்பதும், முழங்கால் அளவு நீரில் இறங்கி நடப்பதும், கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதுமே அவர் அறிந்த வழி. தொட்டால் சுள்ளென்று கொட்டும் பவழ வகைகளும் அங்கே இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். இராட்சதச் சிப்பிகளையும் கண்டார்.

வழியில் இரண்டு படகுகளில் தீவுவாசிகள் ஆமை பிடித்துக்கொண்டிருந்தனர். நீர் தெளிந்தும் ஆழமின்றியும் இருப்பதால், ஆமை எங்கே ஓடினாலும் படகு தொடர்ந்து செல்கிறது. முகப்பில் ஆயத்தமாக நிற்கும் ஒருவன், தக்க தருணம் பார்த்து நீரைப் பிளந்துகொண்டு ஆமையின் முதுகின்மேல் குதிக்கிறான். கழுத்துப்புறத்து ஓட்டை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் செல்கிறான். ஆமை களைத்ததும் அகப்பட்டுக்கொள்கிறது.

கோடியை அடைந்ததும் அவர்கள் கரையேறி, ஒடுங்கிய தீவைக் குறுக்கே கடந்து நடந்தார்கள். இத்தீவுகளின் காடு விசித்திரமானது. பார்த்த மாத்திரத்தில் தென்னையைத் தவிர வேறு மரமே இல்லை என்று தோன்றும். கூர்ந்து நோக்கினால் வேறு ஐந்தாறு வகை மரங்கள் தென்படும். மரங்களை விலக்கினால், டார்வின் சேகரித்த செடிகொடிகள் 20 வகைதாம். ஒரு நந்தவனத்தில் இருப்பதைவிட இது குறைவு. ஏன் என்று கேட்டால், இந்நிலத்துக்குச் சொந்தமான செடி என்று ஒன்றுமே இல்லை. சுமத்திரா, ஜாவா முதலிய தொலைநாடுகளிலிருந்து கடல் நீரில் மிதந்து வந்து, உப்பில் ஊறியும் உயிர் போகாமல் கரையொதுங்கிய விதைகளே முளைத்துக் காடாயின. மிதக்க மாட்டாத விதைகள் வந்துசேரவில்லை. காற்றும் நீரோட்டமும் நடத்திய ஒரு நுழைவுத் தேர்வில் தேறியவையே அங்கே நின்றன.

விலங்குகளின் கதையும் அதுவே. நாட்டு விலங்கு என்று சொல்ல எதுவும் இல்லை. எலிகள் இருந்தன, அவை உடைந்த கப்பல் ஒன்றிலிருந்து கரையேறியவை. கரையில் கிடக்கும் சங்குகளைத் திருடி, அவற்றையே வீடாகச் சுமந்து திரியும் துறவி நண்டுகள் எங்கும் ஊர்ந்தன. தேங்காய் நண்டு என்ற பெரிய நண்டு, மட்டையை நாராக உரித்து, கண்ணுள்ள பக்கத்தைக் கொடுக்கினால் அடித்துத் திறந்து, உள்ளே உள்ள பருப்பைத் தோண்டித் தின்றது. பன்றிக்கும் கோழிக்கும் வாத்துக்கும் தேங்காய்தான் தீனி. மனிதருக்கும் ஏற்றுமதிச் சரக்கு தேங்காயும் தேங்காய் எண்ணெயுமே.

காட்டைக் கடந்து மறுபுறம் வந்ததும் காட்சி சட்டென்று மாறுகிறது. காயலின் அமைதி எங்கே, இந்த ஆரவாரம் எங்கே! காற்று வீசும் திசையிலிருந்து எல்லையற்ற சமுத்திரத்தின் அலைகள் ஓயாமல் வந்து பவழப் பாறையின் விளிம்பில் மோதி நுரைத்துச் சிதறுகின்றன. கருங்கல்லாலான கரையையும் தேய்த்துவிடும் வலிமை அந்த அலைகளுக்கு உண்டு. அப்படியிருக்க, இந்தத் தாழ்ந்த, மெலிந்த நிலம் எப்படி அழியாமல் நிற்கிறது? டார்வின் அங்கே நின்று எண்ணிப் பார்த்தார். கல் தேயும், தேய்ந்தது மீளாது. பவழம் உயிருள்ளது. அலை இன்று உடைத்ததை, நாளை அந்த அலையின் நீரிலிருந்தே சுண்ணாம்பைப் பிரித்தெடுத்து மீண்டும் கட்டிவிடுகிறது. இரவு பகலாக உழைக்கும் கோடானுகோடிக் கொத்தனார்கள் இருக்கும்வரை சுவர் நிற்கும்.

இந்த உண்மையை அவர் வெறும் கற்பனையாக விட்டுவிடவில்லை. தங்கியிருந்த நாட்களில், கையில் ஒரு நீண்ட கழியை ஊன்றித் தாவித் தாவி, அலை மோதும் வெளிவிளிம்பை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அங்கே உள்ள பவழம் உயிரோடிருப்பதைத் தம் கண்ணாலேயே கண்டார். பிட்ஸ்ராயோ தம் பங்குக்குக் கடலின் ஆழத்தை அளந்தார். ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் கட்டி இறக்கினார். பத்துப் பாகம் ஆழத்தில் குண்டை இழுத்துப் பார்த்தால், கொழுப்பில் உயிருள்ள பவழத்தின் அச்சு தெளிவாகப் பதிந்திருந்தது. ஒரு மணல் கூட ஒட்டவில்லை. ஆழம் மிகமிக அச்சுகள் குறைந்து, மணல் மிகுந்தது. இருபது பாகத்துக்குக் கீழே பெரும்பாலும் மணல்தான். ஒரு பாகம் ஆறடி என்பதை நம் மீனவர்கள் அறிவார்கள். ஆக, பவழம் உயிர்வாழ்வது ஏறத்தாழ நூற்றிருபது நூற்றைம்பது அடி ஆழத்துக்குள்ளேதான். ஆனால் கரையிலிருந்து 2,200 கஜ தூரத்தில் 7,200 அடிக் கயிற்றை விட்டும் அடி தட்டவில்லை!

இங்கேதான் புதிர் இருக்கிறது. நூற்றைம்பது அடிக்குக் கீழே வாழ முடியாத உயிர், பல ஆயிரம் அடி ஆழமுள்ள கடலின் நடுவே எப்படிக் கோட்டை கட்டிற்று? அடித்தளம் எங்கே? வட்ட வடிவம் எதனால்?

அக்காலத்தில் நிலநூல் வல்லுநர்களுள் தலைசிறந்தவராக விளங்கிய சார்லஸ் லையல் ஒரு விடை கூறியிருந்தார். கடலடியில் எரிமலைகள் இருக்கின்றன. அவற்றின் வாய் வட்டமானது. அந்த வாயின் விளிம்பில் பவழம் வளர்ந்து வளையமாயிற்று என்பது அவர் கொள்கை. ஆனால் முப்பது, நாற்பது மைல் குறுக்களவுள்ள வளையங்களும் இருக்கின்றனவே! அவ்வளவு பெரிய எரிமலை வாய் எங்கே உண்டு? அத்தனை எரிமலைகளும் பேசி வைத்துக்கொண்டது போல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது எப்படி?

டார்வினின் விடை கீலிங்கில் பிறந்ததன்று. அவர் ஒரு பவழத் தீவையும் பாராத காலத்திலேயே, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அது அவர் உள்ளத்தில் உதித்துவிட்டது. 1835-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி சிலி நாட்டை ஒரு பெரும் பூகம்பம் உலுக்கியபொழுது அவர் அங்கே இருந்தார். நிலம் சில அடி உயர்ந்துவிட்டதை அதன்பின் கண்டார். மலைகளின்மேல் கடற்சிப்பிகள் கிடப்பதையும் கண்டார். ஓரிடத்தில் நிலம் உயர்கிறது என்றால், வேறோரிடத்தில் தாழத்தானே வேண்டும்? பசிபிக் கடலின் அடித்தரை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தால் பவழம் என்னவாகும்?

நான் பூகோளம் கற்பித்த காலத்தில் இதனை வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. களிமண்ணால் ஒரு கூம்பு மலை செய்து, அகன்ற பாத்திரத்தின் நடுவில் வைத்துச் சிறிது நீர் ஊற்றுவேன். நீர்மட்டத்தில், மலையை ஒட்டினாற்போல், பிசைந்த மாவினால் ஒரு திரியைச் சுற்றி வைப்பேன். இது கரையை ஒட்டிய பவழம். மலை தாழ்வதற்குப் பதிலாக நீரை ஏற்றுவேன், விளைவு ஒன்றுதான். நீர் ஏறுந்தோறும் முதல் திரியின்மேலேயே நேராக அடுத்தடுத்த திரிகளை அடுக்கிக்கொண்டு போகவேண்டும். இப்பொழுது பாருங்கள்: மலை மேலே செல்லச்செல்லச் சிறுக்கிறது, திரிச்சுவரோ நேராக உயர்கிறது. ஆகையால் இரண்டுக்கும் நடுவே நீர் புகுந்து ஓர் அகழி தோன்றுகிறது. இது இரண்டாம் நிலை. தாகித்தித் தீவுக்கு அருகிலுள்ள மோரியாத் தீவை 1835 நவம்பரில் டார்வின் இந்தக் கோலத்தில் பார்த்தார். இன்னும் நீரை ஏற்றினால் மலையின் உச்சியும் மறைந்துவிடும். மிஞ்சுவது வளையச் சுவரும் நடுவே காயலுமே. அதுதான் கீலிங்.

ஒரு முறை ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மலை தாழ்வது பவழத்துக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். தெரியாது. பவழப் பூச்சி மேலே ஏறிப் போவதில்லை. வெளிச்சத்துக்கு எட்டாமல் அமிழ்ந்தவை இறக்கின்றன. அவற்றின் எலும்புக்கூட்டின்மேல் அடுத்த தலைமுறை வளர்கிறது. அவன் விடவில்லை. "மலை வேகமாகத் தாழ்ந்துவிட்டால்?" என்றான். அப்பொழுது பவழத்தால் ஈடுகொடுக்க முடியாது. தீவே மூழ்கிப்போகும் என்றேன். இந்த இரண்டாவது கேள்வியை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டார்வின் 1837-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி இலண்டனில் நிலநூற் கழகத்தார் முன் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அதை அறிந்த லையல், தாம் அச்சிட்டு வெளியிட்ட கொள்கையைத் தயங்காமல் கைவிட்டு, தம்மைவிட இளையவர் கூறியதை ஏற்றார். வென்றவரைப் பாராட்டுவது எளிது. இவ்வாறு விட்டுக்கொடுத்தவரின் பெருமையையும் நீங்கள் மறத்தலாகாது. 1842-இல் டார்வினின் பவழப் பாறை நூல் வெளிவந்தது.

ஆயினும் சான்று? மூழ்கிய மலையைக் கண்டவர் யார்? 1880-இல் ஜான் மரே என்பவர், மலை எதுவும் தாழ வேண்டியதில்லை. கடலடியில் வண்டல் குவிந்து உயர்ந்த மேடுகளின்மேல் பவழம் வளர்ந்திருக்கலாம் என்று வாதித்தார். வழக்கைத் தீர்க்கத் துளையிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. 1896 முதல் 1898 வரை பசிபிக் கடலில் உள்ள பூனபூத்தி என்ற தீவில் ஆங்கில விஞ்ஞானிகளும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் துளையிட்டார்கள். 1,114 அடி வரை போயும் சுண்ணாம்பே வந்தது, அடிப்பாறை தட்டவில்லை. இரு கட்சியாரும் தத்தமக்கே வெற்றி என்றனர்.

முடிவான விடை 1952-இல் எனிவெடோக் என்ற வளையத் தீவில் கிடைத்தது. அங்கே இரண்டு ஆழ்துளைகள் இடப்பட்டன. நாலாயிரம் அடிக்கு மேல் சுண்ணாம்பைக் குடைந்து சென்ற பின், கருவி எரிமலைப் பாறையில் போய் முட்டியது. ஒன்றில் 1,267 மீட்டரிலும், மற்றொன்றில் 1,405 மீட்டரிலும் மூழ்கிய மலை அகப்பட்டது. அந்தச் சுண்ணாம்பின் அடிவரை கிடைத்தவை ஆழமற்ற நீரில் வாழும் உயிர்களின் எச்சங்களே. பல கோடி ஆண்டுகளாக மலை தாழத் தாழப் பவழம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது! டார்வின் கீலிங் தீவின் கரையில் நின்ற நாளிலிருந்து 116 ஆண்டுகள் கழித்து அவர் எண்ணம் மெய்யாயிற்று. பனியூழிகளில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, பின் உயர்ந்ததும் இத்தீவுகளின் உருவைச் செதுக்கியிருக்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அடிப்படை டார்வினுடையதே.

அந்தத் துளைகள் எதற்காக இடப்பட்டன என்பதையும் சொல்லாமல் விடுவது சரித்திரம் ஆகாது. அணு ஆயுதச் சோதனைக்கு ஆயத்தம் செய்கையிலேயே அந்த ஆராய்ச்சி நடைபெற்றது. அதே 1952-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி அதே எனிவெடோக்கில் முதல் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கப்பட்டு, அவ்வளையத்தின் ஒரு தீவு இருந்த இடமே தெரியாமல் போயிற்று. கோடி ஆண்டுகள் வளர்ந்த சுவரின் வயதை மனிதன் அறிந்துகொண்டதும், அதனை ஒரு நொடியில் தகர்த்ததும் ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகள்.

மீண்டும் கீலிங்குக்கு வருவோம். அங்கே மனிதரும் இருந்தனர். அலெக்சாந்தர் ஹேர் என்ற ஆங்கிலேயர் 1826-இல் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து மலாய் அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார். அடுத்த ஆண்டு ஜான் கிளூனிஸ் ராஸ் என்ற கப்பல்காரர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அடிமைகள் ஹேரை விட்டு ராஸிடம் ஓடிவிட்டனர். டார்வின் வந்தபொழுது அவர்கள் பெயரளவில் சுதந்தரர்கள். ஆனால் நடைமுறையில் பல வகையில் அடிமைகள்போலவே நடத்தப்படுகின்றனர் என்று அவரே குறித்திருக்கிறார். 1886-இல் விக்டோரியா அரசியார் அத்தீவுகளை ராஸ் குடும்பத்துக்கே மானியமாக வழங்கிவிட்டார். கூலி அக்குடும்பத்தார் தாமே வெளியிட்ட வில்லைகளில் தரப்பட்டது. அவை அவர்கள் கடையில் மட்டுமே செல்லும். தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் உரித்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆமையின் முதுகில் குதித்த அந்த மனிதனின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. 1955-இல் தீவுகள் ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு மாறின. 1978-இல் நிலத்தின் பெரும்பகுதியை அவ்வரசு ராஸ் குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. முடிவில், ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் தீவுவாசிகள் வாக்களித்து, தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானித்து, ஆஸ்திரேலியாவோடு இணைந்தார்கள். அந்த வாக்களிப்பு நடந்த நாள் 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 6. டார்வின் காயலைச் சுற்றிப் பார்த்த அதே தேதி! இது தற்செயலே, ஆயினும் ஒரு தீவின் பாறையைப் பற்றிய கேள்விக்கு விடை காண 116 ஆண்டும், அதன் மக்களின் குரலைக் கேட்க 148 ஆண்டும் ஆயின என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஏப்ரல் 6-ஆம் தேதி டார்வின் கண்ட காட்சிகளுள் ஒன்றை இதுவரை கூறாமல் வைத்திருக்கிறேன். காயலின் கோடியில், ஒரு சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பில், கிளைவிட்ட பவழக் காடு ஒன்று நின்றது. நின்றபடியே அது முழுவதும் செத்து உளுத்திருந்தது. முதலில் அவருக்குக் காரணம் புலப்படவில்லை. பின்பு ஆராய்ந்தார். காற்று வீசும் பக்கத்திலிருந்த நீண்ட தீவு, முன்பு பல துண்டுகளாக இருந்ததைப் பழைய கடற்படங்கள் காட்டின. இடைப்பட்ட இடங்களில் மரங்களும் இளமையாக இருந்தன. அக்காலத்தில் காற்றடித்தால் வெளிக்கடல் நீர் இடைவெளிகளின் வழியே உள்ளே பாய்ந்து காயலை உயர்த்தும். இடைவெளிகள் அடைபட்ட பின், அதே காற்று காயலின் நீரை வெளியே தள்ளத் தொடங்கியது. நீர்மட்டம் மிகச் சிறிதளவே தாழ்ந்தது. அமாவாசை பௌர்ணமி வற்றத்தில் அந்தப் பவழத்தின் தலைகள் சற்று நேரம் வெயிலில் வெளிப்பட்டன. அவ்வளவுதான்; ஒரு காடே மாண்டது.

பெருஞ்சமுத்திரத்தின் அலைக்கு அஞ்சாத உயிர், ஒரு சிறு மாறுதலுக்கு உயிர் விட்டது. இந்தச் செய்தி இன்று நமக்கு மிகவும் வேண்டியது. பவழத்தின் உடலுக்குள்ளே நுண்ணிய பாசி ஒன்று வாழ்கிறது. அது வெயிலின் ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவழத்துக்கு ஊட்டுகிறது. பவழம் ஆழத்தில் வாழ முடியாததன் காரணமும் இதுவே. டார்வின் காலத்தில் இது தெரியாது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் கடல் நீர் ஏறக்குறைய ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடேறிச் சில வாரம் அப்படியே இருந்தால், பவழம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் வெளுத்து, உணவின்றி நிற்கிறது. சூடு தணியாவிட்டால் இறந்துபோகிறது. 1998-இல் உலகெங்கும் இவ்வாறு பெருவாரியாகப் பவழங்கள் வெளுத்தன. பின்னர் 2010-இலும், 2014 முதல் 2017 வரையிலும், மீண்டும் 2023 முதலாகவும் உலகளாவிய வெளுப்பு நேர்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றில் கலக்கும் கரியமில வாயுவே கடலைச் சூடாக்குவதற்கு முதற்காரணம்.

இப்பொழுது என் மாணவனின் இரண்டாவது கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு மலை மெல்லத் தாழ்ந்தது, பவழம் ஈடுகொடுத்தது. இன்று கடல் உயர்கிறது. அதே வேளையில் அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய கொத்தனார்கள் நோயுற்று விழுகிறார்கள். கீலிங்கும் மாலைத் தீவுகளும் இலட்சத் தீவுகளும் இந்தப் பந்தயத்தில் அகப்பட்டிருக்கின்றன.

நம் வீட்டு வாசலிலும் பவழம் இருக்கிறது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவழப் பாறைகள் உள்ளன. அவை வளையத் தீவுகள் அல்ல. ஆயினும் கட்டியவை அதே இனத்து உயிர்கள். பல்லாண்டுக் காலம் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் அந்தப் பவழம் வெட்டியெடுக்கப்பட்டது. அலையைத் தடுத்த சுவர் போயிற்று. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மறைந்தன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் பெற்றிருக்கும் அதே பாதுகாப்பைப் பெற்றன. கல் என்று எண்ணி வெட்டிய ஒன்றை உயிர் என்று சட்டம் ஒப்புக்கொண்டதும் ஒரு சரித்திர நிகழ்ச்சிதான்.

1836-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி பீகிள் கப்பல் கீலிங்கை விட்டு மொரீசியசை நோக்கிப் புறப்பட்டது. டார்வின் அங்கே தங்கியது பன்னிரண்டு நாட்களுக்கும் குறைவு. அவரிடம் இருந்த கருவிகள் ஒரு படகு, ஒரு கழி, கொழுப்புத் தடவிய ஓர் ஈயக் குண்டு. இவற்றுள் எதுவும் நமக்குக் கிடைக்காத பொருளன்று. செத்துக் கிடந்த பவழத்தைக் கண்டபொழுது, 'அழகு போயிற்றே' என்று இரங்கியதோடு அவர் நின்றுவிடவில்லை, 'ஏன் செத்தது?' என்று கேட்டுப் பழைய படங்களையும் மரங்களின் வயதையும் ஒப்பிட்டார். மாணவர்களே, நீங்கள் ஒரு நாள் மண்டபத்திலோ கீழக்கரையிலோ கரையில் நிற்க நேர்ந்தால், உடைந்து ஒதுங்கிய ஒரு வெள்ளைத் துண்டைக் குனிந்து பாருங்கள். அதன்மேல் உள்ள ஒவ்வொரு சிறு குழியும் ஓர் உயிர் குடியிருந்த வீடு. அது எப்பொழுது, எதனால் காலியாயிற்று என்று அங்குள்ள முதிய மீனவர் ஒருவரைக் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது பயன்படும்.